"அம்மாவிடம் சொல்லாதே!"

ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார். தூரத்து உறவினர். கையில் மிட்டாய்ப் பொட்டலம்.

"வாம்மா கண்ணு! மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு!" என்று கையை நீட்டுகிறார்.

ஆறு வயதுக் குழந்தை வரவில்லை. அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள்.

"என்னடி வெட்கம்? மாமா ஆசையாகக் கூப்பிடுகிறார். மரியாதை தெரியவில்லையே உனக்கு! போ!" என்று அம்மா அவளைப் பிடித்து முன்னால் தள்ளுகிறாள்.

எல்லோரும் சிரிக்கிறார்கள். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை.

இது எந்த வீட்டிலும் நடக்கிற காட்சிதான். அந்த மாமா நல்லவராகவே இருக்கலாம். அவர் மேல் நாம் குற்றம் சொல்லவில்லை. ஆனால், அந்த ஒரு நிமிடத்தில் குழந்தை ஒரு பாடம் கற்றுக்கொண்டது.

"பெரியவர்கள் தொட்டால், எனக்குப் பிடிக்காவிட்டாலும் சும்மா இருக்க வேண்டும். அம்மாவிடம் போனாலும் பயன் இல்லை."

இதுதான் அந்தப் பாடம். நாளைக்கு ஒரு கெட்டவன் வந்தால், அவனுக்கு வேண்டியதும் இதே பாடம்தான்!

என்ன ஆபத்து?

குழந்தைகளிடம் தகாத முறையில் நடந்துகொள்வதைப் பற்றித்தான் சொல்கிறோம். பாலியல் துன்புறுத்தல் என்று இதைச் சொல்வார்கள்.

குழந்தையின் மறைவான உறுப்புகளைத் தொடுவது மட்டும் அல்ல; தன்னைத் தொடச் சொல்வதும் இதில் சேரும். உடையைக் கழற்றச் சொல்வது, ஆபாசப் படம் காட்டுவது, ஆபாசமாகப் பேசுவது, குழந்தையை ஆடையில்லாமல் படம் எடுப்பது எல்லாமே குற்றந்தான்.

பேசக் கூச்சமான விஷயம். உண்மைதான். ஆனால் நாம் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டால், அதனால் யாருக்கு லாபம்? குழந்தைக்கு அல்ல.

இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு அறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12 ஆயிரத்து 447 குழந்தைகளிடம் பேசி எழுதிய அறிக்கை அது. ஏதாவது ஒரு விதத்தில் இந்தத் துன்பத்துக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகள் எத்தனை பேர் தெரியுமா? நூற்றுக்கு 53 பேர்! அதாவது, பாதிக்கு மேல்.

அப்படிச் சொன்னவர்களில் ஆண் குழந்தைகள்தான் சற்று அதிகம். "எனக்குப் பையன்தானே, எனக்கு என்ன பயம்?" என்று எந்தத் தாயும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பூச்சாண்டி யார்?

"பிள்ளை பிடிக்கிறவன் வருவான்! கோணிக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவான்!" என்று சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துகிறோம். தெரியாதவர்கள் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்கிறோம். நல்ல புத்திமதிதான். ஆனால் அது மட்டும் போதாது.

ஏன்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடந்தோறும் வழக்குகளைக் கணக்கெடுக்கிறது. சிறுமிகள் கெடுக்கப்பட்ட வழக்குகளில், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் முன்பே தெரிந்த ஆள்!

அவன் உறவினனாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கலாம். குடும்ப நண்பன், டியூஷன் சொல்லித் தருபவன், வண்டி ஓட்டுபவன் என்று யாராகவும் இருக்கலாம். பெரிய மனிதன் என்று ஊரே கும்பிடுகிறவனாகவும் இருக்கலாம். பெண்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. வயதில் மூத்த சிறுவர்களும் உண்டு.

இதனால் எல்லோரையும் சந்தேகப்பட வேண்டும் என்பது பொருள் அல்ல. வாத்தியார்களிலும் டிரைவர்களிலும் சித்தப்பாக்களிலும் குழந்தைகளை உயிராகப் பார்த்துக்கொள்பவர்கள்தான் அதிகம். ஆளின் முகத்தைப் பார்த்து நல்லவன், கெட்டவன் என்று கண்டுபிடிக்க முடியாது. நடத்தையைத்தான் கவனிக்க வேண்டும்.

வலை விரிக்கும் விதம்

கெட்ட எண்ணம் கொண்டவன் முதல் நாளே குழந்தையின் மேல் கை வைப்பது அபூர்வம். மெல்ல மெல்ல வருவான்.

முதலில் பெற்றோர்களின் நம்பிக்கையைப் பெறுவான். "நீங்கள் வேலையைப் பாருங்கள். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பான். ரேஷன் கடைக்குப் போவான். ஆஸ்பத்திரிக்குத் துணை வருவான். "சொந்தப் பிள்ளை மாதிரி" என்று வீட்டில் எல்லோரும் புகழ்வார்கள்.

அடுத்து, குழந்தையின் நம்பிக்கையைப் பெறுவான். சாக்லேட் வாங்கித் தருவான். செல்போனில் விளையாட விடுவான். அப்பா திட்டினால் சமாதானம் சொல்வான்.

பிறகு தனிமையைத் தேடுவான். மொட்டை மாடி, மாட்டுக் கொட்டகை, பூட்டிய அறை, ஆள் இல்லாத மதிய நேரம்.

அதன் பிறகு விளையாட்டுப்போலத் தொடுவான். கிச்சுகிச்சு மூட்டுவான். குழந்தை பேசாமல் இருந்தால், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் துணிவான்.

கடைசியில் குழந்தையின் வாய்க்குப் பூட்டுப் போடுவான்.

"இது நம் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அம்மாவிடம் சொல்லாதே!"

"சொன்னால் உன்னைத்தான் அடிப்பார்கள்."

"சொன்னால் அப்பா ஜெயிலுக்குப் போவார்."

"சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்?"

பார்த்தீர்களா? அவன் கையில் கத்தி இல்லை. அவனுடைய ஆயுதம் "சொல்லாதே" என்ற ஒரு சொல்தான். அந்த ஆயுதத்தைப் பறித்துவிட்டால் அவன் பலம் போய்விடும். பறிக்கக்கூடியவர்கள் பெற்றோர்கள்தான்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது

2018-ஆம் ஆண்டு சென்னை நகரத்தை உலுக்கிய வழக்கு ஒன்று பலருக்கு நினைவிருக்கும்.

அது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் காவல் உண்டு. சுற்றுச்சுவர் உண்டு. உள்ளே 11 வயதுச் சிறுமி ஒருத்தி. காது கேளாத குழந்தை. அங்கே வேலை பார்த்த ஆட்களே அவளைப் பல மாதங்களாகக் கெடுத்து வந்தார்கள். லிப்ட் இயக்குபவர், காவலாளிகள், குழாய் வேலைக்காரர் என்று தினமும் கண்ணில் பட்ட மனிதர்கள்! சிறுமி தன் அக்காளிடம் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

போலீசார் 17 பேரைக் கைது செய்தார்கள். 2020 பிப்ரவரியில், அவர்களில் 15 பேர் குற்றவாளிகள் என்று சென்னைத் தனிக் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இதில் பெற்றோர்கள் கற்க வேண்டியது என்ன? உயரமான சுவர் காப்பாற்றவில்லை. வாசல் காவல் காப்பாற்றவில்லை. தன் பேச்சைக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் குழந்தை சொன்னது. அதுதான் அதைக் காப்பாற்றியது.

குழந்தை ஏன் சொல்வதில்லை?

"எல்லாவற்றையும் சொல்கிற குழந்தை, இதை மட்டும் ஏன் சொல்லவில்லை?" என்று பல தாய்மார்கள் அழுகிறார்கள்.

காரணங்கள் பல. நடந்தது என்ன என்றே குழந்தைக்குப் புரியாமல் இருக்கலாம். சொல்ல வார்த்தை தெரியாமல் இருக்கலாம். அந்த ஆளின் மிரட்டலுக்குப் பயந்திருக்கலாம். "நான் சாக்லேட் வாங்கினேன். அதனால் தப்பு என்னுடையது" என்று நினைத்திருக்கலாம். அந்த ஆள் மேல் பாசமும் இருக்கலாம்.

சில சமயம் குழந்தை சொல்லித்தான் இருக்கும். நமக்குத்தான் கேட்கவில்லை. "அந்த அண்ணன் வீட்டுக்கு நான் போகமாட்டேன்." "எனக்கு அந்த டியூஷன் வேண்டாம்." இவையெல்லாம் குழந்தையின் பாஷையில் புகார்கள். நாமோ, "படிக்கச் சோம்பேறித்தனம்! முதுகில் இரண்டு வைத்தால் சரியாகிவிடும்" என்கிறோம்.

வீட்டிலேயே தொடங்கும் பாடம்

இந்தப் பாடத்தை எப்போது தொடங்குவது? குழந்தை பேசத் தொடங்கும்போதே தொடங்கலாம். பெரிய பிரசங்கம் வேண்டாம். குளிப்பாட்டும்போது, உடை மாற்றும்போது, தூங்க வைக்கும்போது இரண்டு வார்த்தை போதும்.

முதல் பாடம், பெயர். கண், மூக்கு, காது, தொப்பை என்று வரிசையாகச் சொல்லித் தருகிறோம். கீழே வந்ததும் நிறுத்திவிடுகிறோம். அல்லது "ஷேம்! ஷேம்!" என்று கேலி செய்கிறோம். தன் உடம்பில் ஒரு பகுதி வெட்கக்கேடானது என்று கற்றுக்கொண்ட குழந்தை, அங்கே ஒருவன் தொட்டதை எப்படி வாய் திறந்து சொல்லும்? எனவே அந்த உறுப்புகளுக்கும் வீட்டில் ஒரு கௌரவமான பெயர் இருக்கட்டும். கேலி வேண்டாம்.

இரண்டாவது பாடம், எல்லை. "ஜட்டி, பனியன் மூடுகிற இடங்களும் உன் வாயும் உனக்கே சொந்தம். யாரும் அங்கே தொடக்கூடாது. அவர்களுடைய அந்த இடங்களைத் தொடச் சொல்லவும் கூடாது. குளிப்பாட்டும்போது அம்மா தொடலாம். உடம்பு சரியில்லை என்றால், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது டாக்டர் பார்க்கலாம்." இவ்வளவுதான். நான்கு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

"நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" என்று பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. கெட்டவன் தொடுவது எப்போதும் வலிக்கும் என்பது இல்லை. கூச்சமாக, சிரிப்பாகக்கூட இருக்கலாம். "வலிக்கவில்லையே, அப்படியானால் இது கெட்டது இல்லையோ?" என்று குழந்தை குழம்பிவிடும். அதனால்தான் இந்த வேலையில் அனுபவம் உள்ள பலர், "பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்" என்று பிரித்துச் சொல்கிறார்கள். எந்த இடம், யார், ஏன், ரகசியமா என்பதைக் கொண்டு குழந்தை அறிந்துகொள்ளட்டும்.

மூன்றாவது பாடம், "வேண்டாம்" என்ற சொல். பெரியவர்கள் சொன்னால் தட்டாமல் கேட்க வேண்டும் என்று வளர்க்கிறோம். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு என்றும் சொல்லுங்கள். "யாராவது அப்படித் தொட்டால், 'வேண்டாம்' என்று சத்தமாகச் சொல். ஓடி வந்துவிடு. என்னிடம் சொல்." அதோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "கத்த முடியவில்லையா? ஓட முடியவில்லையா? பரவாயில்லை. உன் மேல் தப்பு இல்லை. எப்போது வேண்டுமானாலும் வந்து சொல்."

நான்காவது பாடம், ரகசியம். அப்பாவின் பிறந்த நாளுக்குச் சட்டை வாங்கி ஒளித்து வைப்பது நல்ல ரகசியம். இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் உடம்பைத் தொடுவதில் ரகசியம் என்பதே கிடையாது. "அம்மாவிடம் சொல்லாதே என்று யாராவது சொன்னால், அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும்!" இந்த ஒரு வாக்கியத்தைக் குழந்தைக்கு மனப்பாடம் ஆக்குங்கள்.

ஐந்தாவது பாடம், ஐந்து விரல். ஒரு விரலுக்கு ஒருவராக, நம்பிச் சொல்லக்கூடிய ஐந்து பெரியவர்களைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். அம்மா, அப்பா, பாட்டி, டீச்சர், அத்தை என்று இருக்கலாம். ஒருவர் நம்பாவிட்டால் அடுத்த விரல். யாராவது ஒருவர் நம்பும் வரையில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெற்றோர்களின் பொறுப்பு

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பாரத்தைக் குழந்தையின் தலையில் வைத்துவிட்டு நாம் தூங்கிவிடக்கூடாது. காவல் நம்முடையது.

டியூஷன் நடக்கும் அறையின் கதவு திறந்தே இருக்கட்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய் எட்டிப் பாருங்கள். நல்ல வாத்தியார் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் கூட்டம் அதிகம். பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை. குழந்தைகள் எங்கோ ஒரு மூலையில் யார் பக்கத்திலோ தூங்கிவிடுகிறார்கள். நம் குழந்தை எங்கே, யாரோடு படுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு நாம் படுக்க வேண்டும்.

ஒருவர் காரணமில்லாமல் உங்கள் குழந்தைக்கு மட்டும் அடிக்கடி பரிசு கொடுக்கிறாரா? தனியாக அழைத்துக்கொண்டு போகவே விரும்புகிறாரா? நன்றி சொல்லி, அன்போடு தடுத்துவிடுங்கள். சண்டை வேண்டாம். "குழந்தையைத் தனியாக அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம் இல்லை" என்றால் போதும்.

செல்போன் இன்னொரு வாசல். முன்பின் தெரியாதவன் சிறுவன்போல நடித்துப் பேசுவான். படம் அனுப்பச் சொல்வான். அனுப்பிய பிறகு மிரட்டுவான். செல்போனைக் கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் பார்க்கும்படி பழக்குங்கள். "எது நடந்தாலும் சொல், போனைப் பிடுங்கமாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தாலேயே பல பிள்ளைகள் மிரட்டலைத் தாங்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தினமும் பத்து நிமிடப் பேச்சு. "எத்தனை மார்க்?" என்பது மட்டும் பேச்சு ஆகாது. "இன்று யாரோடு விளையாடினாய்? எது பிடித்தது? எது பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள். சின்ன விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்கும் தாயிடம்தான் குழந்தை பெரிய விஷயத்தையும் சொல்லும். அப்பாக்களுக்கும் இது பொருந்தும். "அதெல்லாம் அம்மா வேலை" என்று பத்திரிகைக்குள் தலையைப் புதைத்துக்கொள்ள வேண்டாம்!

அறிகுறிகள்

குழந்தை வாய் திறக்காவிட்டாலும், நடவடிக்கை மாறும்.

நன்றாகச் சிரித்து விளையாடிய குழந்தை திடீரென்று ஒதுங்கி இருக்கும். இரவில் அலறி எழுந்திருக்கும். விட்டுப்போன பழக்கமாகிய படுக்கையில் சிறுநீர் கழிப்பது திரும்ப வரும். ஒருவரைக் கண்டால் மட்டும் நடுங்கும். சிறுநீர் கழிக்கும்போது வலி என்று சொல்லும். வயதுக்கு மீறிய ஆபாசப் பேச்சோ விளையாட்டோ தென்படும். படிப்பில் பின்தங்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத காசு கையில் இருக்கும்.

இவற்றில் ஒன்றைக் கண்டதும் முடிவு கட்டிவிடக்கூடாது. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் அலட்சியம் செய்யவும் கூடாது. பக்கத்தில் உட்கார வைத்து, அன்பாகக் கேளுங்கள்.

குழந்தை சொன்னால்...

இதுதான் மிக முக்கியமான கட்டம். குழந்தை மனத்தைத் திறக்கிறது. அந்த நிமிடத்தில் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையில் அதன் வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

"சீ! இப்படியெல்லாம் பேசாதே! அவர் அப்படிப்பட்டவர் இல்லை!" என்றால் முடிந்தது. அந்த வாய் அதன் பிறகு திறக்காது. கெட்டவன் சொன்னது உண்மையாகிவிட்டது: "யார் நம்பப்போகிறார்கள்?"

"நீ ஏன் அங்கே போனாய்? அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்றாலும் தவறு. பழி குழந்தையின் மேல் விழுகிறது.

உங்கள் மனம் கொதிக்கும். கை நடுங்கும். அதைக் குழந்தையிடம் காட்டாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்:

"நீ சொன்னதை நான் நம்புகிறேன். உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. சொன்னது ரொம்ப நல்லது. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்."

இந்த நான்கு வாக்கியமும் நான்கு மருந்து.

பிறகு, குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பத் துருவிக் கேட்காதீர்கள். உறவினர்களைக் கூட்டி வைத்துச் சொல்லச் சொல்லாதீர்கள். அந்த ஆளை எதிரே நிறுத்திக் கேட்கவே கேட்காதீர்கள். அவன் இனிக் குழந்தையின் அருகில் வராதபடி செய்யுங்கள்.

சம்பவம் அண்மையில் நடந்தது என்றால், குளிப்பாட்டவோ உடையைத் துவைக்கவோ வேண்டாம். உடையைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தக் குற்றத்துக்கு ஆளான குழந்தைக்கு எந்த ஆஸ்பத்திரியும், தனியார் ஆஸ்பத்திரியானாலும், இலவசமாக முதல் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். போலீசில் புகார் எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைகளுக்காகவே ஒரு சட்டம் உண்டு. போக்சோ சட்டம் என்று சொல்வார்கள். 2012 நவம்பர் 14-ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று, அமலுக்கு வந்தது. 18 வயது நிறையாத எல்லோரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள்தான். ஆண், பெண் வேற்றுமை இல்லை.

தகாத எண்ணத்தோடு தொட்டாலே 3 முதல் 5 ஆண்டு வரை சிறை. உடைக்கு மேலே தொட்டாலும் குற்றம் குற்றமே என்று 2021 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகத் தீர்ப்பளித்தது. கெடுத்தவனுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. குழந்தை 16 வயதுக்குக் கீழே என்றால் குறைந்தது 20 ஆண்டு. உறவினர், வாத்தியார், போலீஸ்காரர் போன்றவர்கள் செய்தால் குற்றம் இன்னும் கடுமையாகக் கருதப்படும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மிகக் கொடிய குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை வரையில் உண்டு.

"போலீஸ் ஸ்டேஷன் வாசலைக் குழந்தை மிதிக்க வேண்டுமா?" என்று பயப்படுகிறீர்களா? தேவை இல்லை. வீட்டுக்கோ, குழந்தை விரும்பும் இடத்துக்கோ வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடிய வரையில், சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரியே வர வேண்டும். காக்கி உடுப்பு அணியக்கூடாது. இரவில் எந்தக் குழந்தையையும் ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. சிறுமியைப் பெண் டாக்டரே பரிசோதிக்க வேண்டும். கோர்ட்டிலும் குற்றவாளியைக் குழந்தை நேருக்கு நேர் பார்க்காதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். கூடவே இருந்து உதவ ஒரு துணையாளரும் உண்டு.

தெரிந்தும் மறைத்தால் அதுவும் குற்றம். 6 மாதம் வரை சிறை கிடைக்கலாம். தன்கீழ் வேலை பார்ப்பவன் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்ல எண்ணத்தோடு தகவல் கொடுத்தவருக்கோ எந்தத் தொல்லையும் வராது என்று சட்டமே உறுதி சொல்கிறது.

மூன்று எண்கள்

புகார் சொல்ல எங்கே போவது? அருகில் உள்ள அனைத்து மகளிர் போலீஸ் நிலையத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட முதல் நிலையம் 1992-ஆம் ஆண்டு சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. இப்போது எல்லா மாவட்டங்களிலும் இருக்கின்றன. மற்றப் போலீஸ் நிலையங்களிலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும்.

போன் செய்வது என்றால் 1098. குழந்தைகளுக்கான உதவி எண். 1996-ஆம் ஆண்டு பம்பாயில் தொடங்கி நாடெங்கும் பரவியது. இரவும் பகலும் பேசலாம். காசு இல்லை. குழந்தையே பேசலாம். அவசரம் என்றால் 112. பள்ளிக்கூடத்தில் தொல்லை என்றால், தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417.

சமையல் அறைச் சுவரில் காலண்டர் தொங்குகிறது அல்லவா? அதன் மேல் இந்த மூன்று எண்களையும் எழுதி வையுங்கள். குழந்தைக்கும் காட்டுங்கள்.

இரண்டு கேள்விகள்

"இதையெல்லாம் பேசினால் குழந்தை கெட்டுப்போகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார் என்கிறோம். அதனால் குழந்தைக்கு விபத்து வந்துவிடுகிறதா? நெருப்பு சுடும் என்கிறோம். அதனால் குழந்தை நெருப்பில் விழுகிறதா? எச்சரிக்கை குழந்தையைக் கெடுக்காது. அறியாமைதான் கெடுக்கும்.

"வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடுமே! நாளைக்குப் பெண்ணுக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு.

குழந்தையின் பெயரையும் படத்தையும் அடையாளத்தையும் யாரும் வெளியிடக்கூடாது. சட்டம் அதைத் தடுக்கிறது. அது போகட்டும். மானம் போக வேண்டியது யாருக்கு? திருடு போன வீட்டுக்காரன் தலை குனிவதில்லை. திருடன்தான் தலை குனிய வேண்டும். நம் வீட்டில் நாம் மூடி மறைத்தால், அவன் அடுத்த வீட்டுக் குழந்தையைத் தேடிப் போவான். நம் மௌனம் அவனுக்கு அடுத்த வாசலைத் திறந்துவிடுகிறது.

குற்றவாளி சொந்த வீட்டு ஆளாகவே இருந்தால்? நெஞ்சு வெடிக்கும் நிலைமைதான். ஆனாலும் அங்கே ஒரு பக்கம் உறவு, மறு பக்கம் குழந்தை. உறவுக்குப் பேச வாய் உண்டு. குழந்தைக்கு நம்மை விட்டால் வேறு யார் உண்டு?

நடந்துவிட்ட குழந்தையின் வாழ்க்கை அதோடு முடிந்துவிடுவதும் இல்லை. நம்பிக்கையும் அன்பும் மனநல டாக்டரின் உதவியும் கிடைத்தால் குழந்தைகள் தேறிவிடுகிறார்கள், படிக்கிறார்கள், சிரிக்கிறார்கள்.

மறுபடியும் அதே ஞாயிற்றுக்கிழமை

முதலில் பார்த்த வீட்டுக்கு மறுபடியும் போவோம். அதே விருந்தாளி. அதே மிட்டாய்ப் பொட்டலம்.

"வாம்மா கண்ணு! மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு!"

குழந்தை முந்தானைக்குள் ஒளிகிறாள்.

அம்மா இந்தத் தடவை தள்ளவில்லை. குழந்தையின் தோளை அணைத்துக்கொள்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள்:

"முத்தம் வேண்டாம் என்றால் விடு. கை கூப்பி வணக்கம் சொல்லம்மா."

குழந்தை கை கூப்புகிறாள். மாமாவும் சிரித்துக்கொண்டு கை கூப்புகிறார். யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. பலகாரம் வருகிறது, பேச்சு தொடர்கிறது.

ஆனால் குழந்தை இன்றைக்கு வேறு ஒரு பாடம் கற்றுக்கொண்டது: "எனக்குப் பிடிக்கவில்லை என்றால் அம்மா என் பக்கம்."

என்றைக்காவது ஒருவன் அவள் காதில், "அம்மாவிடம் சொல்லாதே" என்று சொல்லக்கூடும். அன்றைக்கு அவள் நேராக அம்மாவிடம் ஓடி வருவாள்.

அவள் வரும்போது, அடுப்பில் எது கொதித்தாலும், அதை இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்!